இரவு ஷிப்ட் முடித்துக் காதுச் சோதனைக்குப் போகாதீர்கள்: மலேசியா, பிறையில் ஒரு கிளினிக் அனுபவம்

கம்பெனி மெடிக்கலுக்காகப் போய், கிளினிக் கவுண்டரில் ஐசியை (அடையாள அட்டையை) நீட்டினேன். வாங்கிக்கொண்ட மிஸி (நர்ஸ்) என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நேத்து நைட் ஷிப்டா?" என்று கேட்டார். ஆமாம், காலை 7 மணிக்குத்தான் முடிந்தது, மாமாக் கடையில் பசியாறிவிட்டு நேராக வருகிறேன் என்றேன். "அப்படின்னா காது டெஸ்ட் இன்னிக்கு எடுக்கக் கூடாது அங்கிள். பிரஷர், ஊதுறது எல்லாம் முடிச்சிடலாம். காதுக்கு மட்டும் திங்கக்கிழமை வாங்க. ஞாயிறு உங்களுக்கு லீவுதானே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கம்பெனியில் ஒரு நாளைக்குத்தான் சீட்டு கொடுத்திருந்தார்கள். இன்னொரு நாள் கேட்டால் சூப்பர்வைசரின் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். அந்தப் பிள்ளை அசையவில்லை. "மெஷின் சத்தத்துல இருந்து இப்பதான் வந்திருக்கீங்க. காது களைச்சிருக்கும். 14 மணி நேரமாவது சத்தமில்லாத இடத்துல இருந்துட்டு வரணும். நானே உங்க எச்ஆர்கிட்ட பேசுறேன்" என்றார். என் கண் முன்னாலேயே போன் செய்து, திங்கட்கிழமைக்கும் சீட்டு கிடைக்க வழி செய்தார்.

பிறை தொழிற்பேட்டையில் ஸ்டாம்பிங் செக்சனில் 1998-லிருந்து நிற்கிறேன். கம்பெனி மெடிக்கல் எத்தனையோ தடவை எடுத்தாயிற்று. "நேற்று ராத்திரி எங்கே இருந்தாய்" என்று ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிளினிக் சாய் லெங் பார்க்கிலிருந்து மோட்டாரில் பத்து நிமிஷம், கடைவரிசையில் மேல்மாடி. பெயரைப் போடவில்லை. கம்பெனிக் கணக்கில் போனவன் நான், அவர்களுக்கு விளம்பரம் செய்வது என் வேலை இல்லை. அதோடு அங்கே என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால், உங்கள் கம்பெனியின் பேனல் கிளினிக்கிலும் அதையே நீங்கள் கேட்டு வாங்கலாம். வாசலில் டோஷில் (தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில்) பதிவு பெற்ற தொழில்நல மருத்துவர் என்று போர்டு இருக்கிறது. எல்லோரும் ஓஎச்டி என்றுதான் சொல்வார்கள். சாதாரணக் கிளினிக் டாக்டர் எல்லோரும் ஓஎச்டி ஆகிவிட முடியாது. கெமிக்கல் பக்கம் வேலை செய்கிறவர்களைச் சட்டப்படி சோதிக்க ஓஎச்டிதான் வேண்டும்.

முதல் நாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷர் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னார்கள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்த ஆளின் கையில் உடனே பட்டையைச் சுற்றவில்லை. கால் இரண்டும் தரையில், முதுகு நாற்காலியில், கை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல். இரண்டு தடவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். நான் வழியில் குடித்த கோப்பியைப் பற்றியும் கேட்டார்கள். அப்புறம் நுரையீரலுக்காக ஊதுவது: மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழாய், "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்!" என்று மிஸி பக்கத்தில் நின்று குரல் கொடுக்க, மூன்று தடவை அடிவயிற்றிலிருந்து ஊதினேன். வெல்டிங், கிரைண்டிங் ஆட்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒரு தடவை லேசாக ஊதவைத்து "ஓகே" என்று எழுதிவிடும் இடங்களும் உண்டு. ஊதியது போதவில்லை என்றால் திரும்ப ஊதச் சொல்கிற இடத்தை நம்பலாம்.

இனி காதுக்கு வருகிறேன். என் மனசெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை போனேன். சனிக்கிழமை காலைக்கு அப்புறம் பிரஸ் மெஷின் பக்கமே போகவில்லை. ஞாயிறன்று கோயில் திருவிழா இருந்தது. ஸ்பீக்கர் பக்கம் நிற்காதீர்கள் என்று மிஸி சொல்லி அனுப்பியதால் வாசலோடு கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். முதலில் லைட் அடித்துக் காதுக்குள் பார்த்தார்கள், அழுக்கு அடைத்திருந்தால் கணக்கு தப்பிப் போகுமாம். அப்புறம் பெட்டிக்குள் உட்காரவைத்தார்கள். பழைய டெலிபோன் பூத்தைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, கதவு ஐஸ்பெட்டிக் கதவு மாதிரி கனம், உள்ளே சுற்றிலும் சாம்பல் நிற நுரை. ஹெட்போனில் சிவப்பு வலக்காதுக்கு, நீலம் இடக்காதுக்கு. கையில் ஒரு பொத்தான். சத்தம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கேட்ட மாதிரி இருந்தால் அழுத்த வேண்டும்.

கதவு மூடியதும் என் மூச்சு எனக்கே கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. அதோடு இன்னொன்றும் கேட்டது. காதுக்குள் 'கீ...' என்று நிற்காமல் ஒரு இரைச்சல். நான் நிபோங் திபால் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவன். அந்தி நேரத்தில் ரப்பர் மரத்துக்குள் சில்வண்டு கத்துமே, தூரத்தில் அது கத்துகிற மாதிரி. அது எவ்வளவு வருஷமாக எனக்குள் இருக்கிறது என்று தெரியவில்லை. வீட்டில் மின்விசிறி ஓடும், டிவி ஓடும், வேலையில் பிரஸ் ஓடும். அது வெளியே கேட்பதற்கு எனக்கு ஒரு அமைதியான இடமே அமையவில்லை.

கனத்த சத்தங்கள் 'பூம்', 'பூம்' என்று நன்றாகவே கேட்டன. போகப் போகச் சத்தம் கூர்மையானது. ஒரு கட்டத்தில் கண்ணாடி வழியாக மிஸியின் கை அசைவது தெரிகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வயிற்றில் ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது.

டாக்டர் சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். மலாயில் நிறுத்தி நிதானமாகப் பேசினார். கட்டம் போட்ட தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். சிவப்பு வட்டம் வலக்காது, நீலப் பெருக்கல் குறி இடக்காது. இடது கோடு 1000 ஹெர்ட்ஸ் (சத்தம் எவ்வளவு கூர்மை என்கிற அளவு) வரை மேலேயே போய், அதற்கப்புறம் சறுக்கி, 4000-ல் குழியில் விழுந்து, 8000-ல் கொஞ்சம் ஏறியிருந்தது. "இந்தக் குழியைப் பார்த்தாலே சத்தம் செய்த வேலை என்று தெரியும்" என்றார். வயசானால் கோடு கடைசிவரை இறங்கிக்கொண்டே போகுமாம். சத்தத்தில் கெட்ட காது முதலில் 4000 பக்கம்தான் குழி விழுமாம். உள்காதில் இருக்கும் மயிரிழை மாதிரியான செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது, மருந்தும் கிடையாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிசு. என் பழைய சோதனைத் தாள்களையெல்லாம் கம்பெனியிலிருந்து முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்திருந்தார். முதல் சோதனை 2011-ல், ஒரு வேனில் எடுத்தது. எந்தக் கம்பெனி வேன் என்பது இங்கே வேண்டாம். லோடிங் பே பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள், போர்க்லிப்ட் பின்னால் வரும்போது அடிக்கும் 'பீப் பீப்' வேனுக்குள்ளேயே கேட்டது. இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்த எங்களை அப்படியே வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஐந்து நிமிஷம். பட்டியலில் கையெழுத்து வாங்கினார்கள். முடிவு என் கைக்கு வரவே இல்லை.

அந்த முதல் சோதனையைத்தான் அடிப்படைக் கணக்காக வைத்திருக்கிறார்கள். பின்னால் வரும் எல்லாச் சோதனையையும் அதோடு ஒப்பிட்டுத்தான் காது கெட்டதா இல்லையா என்று சொல்வார்கள். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி அடிப்படையிலிருந்து 10 டெசிபல் இறங்கினால்தான் மாற்றம் என்று கணக்கு.

டாக்டர் பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்திலேயே எழுதிக் காட்டினார். இந்தத் தாளில் எண் கூடினால் காது இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வேனில் எடுத்தது இடக்காதுக்கு 20, 30, 40. சராசரி 30. இரண்டு வருஷம் கழித்துத் தீபாவளி லீவு முடிந்து வந்த அன்று எடுத்தது 15, 20, 25. சராசரி 20. "கெட்ட காது தானாகத் தேறாது. அப்படியென்றால் முதலில் எடுத்தது களைத்த காது" என்றார். இப்போது எனக்கு 20, 35, 50. சராசரி 35. வேன் கணக்கோடு பார்த்தால் 5 டெசிபல்தான் மாற்றம், அதாவது மாற்றமே இல்லை என்று எழுதிவிடலாம். ஓய்வெடுத்த காதின் கணக்கோடு பார்த்தால் 15.

இதைப் படிக்கிற எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். களைத்த காதோடு முதல் சோதனை எடுத்தால், அன்று இருந்ததைவிட மோசமான கணக்கு ஏறிவிடுகிறது. பத்து வருஷம் கழித்து நிஜமாகவே காது அந்த அளவுக்கு இறங்கும்போது, "உனக்கு முதலிலிருந்தே இப்படித்தான்" என்று தாள் சொல்லும். நடுவில் போன கேட்கும் சக்திக்குக் கணக்கே இருக்காது. சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) சத்தத்தால் கெடும் காதும் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நாளைக்கு அங்கே போய் நிற்க வேண்டி வந்தால் இந்தத் தாள்கள்தான் நம் சாட்சி.

டாக்டர் ஓய்வுக் காதின் கணக்கை அடிப்படையாக மாற்றி எழுதினார். மூன்று மாதத்துக்குள் மறுசோதனை எழுதிக் கொடுத்தார். பேச்சைக் கேட்கும் என் சக்தி, சட்டம் குறைபாடு என்று சொல்லும் அளவுக்கு இன்னும் போகவில்லை என்றும் சொன்னார். அந்தக் கணக்கில் 4000 வராது, 500-லிருந்து 3000 வரைதான். கேட்டதும் மூச்சு விட்டேன். ஆனால் அவர் அடுத்து ஒன்று கேட்டார்: "வீட்டில் பேசுவது கேட்கிறதா, புரிகிறதா?"

இரண்டும் வேறு என்று அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து "தட்டை எடுங்க" என்பாள். நான் பட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு போவேன். குரல் கேட்கிறது. 'த'வா 'ப'வா என்பது போய்விடுகிறது. டாக்டர் விளக்கினார்: ஆ, ஊ, ஓ எல்லாம் கனத்த சத்தம், அவை வந்து சேரும். த, ப, க, ச போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் சத்தம் மெல்லியது, கூர்மையானது, என் குழி இருக்கும் பக்கத்தில் விழுவது. ஒரு வருஷமாக அவள் வாய்க்குள் பேசுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று சாயந்திரம் அந்தத் தாளை அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அடுப்படியிலிருந்து கூப்பிடுவதில்லை, பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சேர்ந்த காலத்தில் 1989 விதி, 90 டெசிபல்தான் எல்லை. 2019 ஜூன் 1-லிருந்து 8 மணி நேரத்துக்கு 85. மூன்று டெசிபல் கூடினால் நிற்கக்கூடிய நேரம் பாதி: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரே மணி. எங்கள் பெரிய பிரஸ் பக்கத்தில் அளந்த ரிப்போர்ட்டில் 94 என்று போட்டிருந்தது. நான் நிற்பது ஓவர்டைமோடு சேர்த்து 12 மணி நேரம்.

காதடைப்பான் போடுகிறேனே என்று டாக்டரிடம் சொன்னேன். போட்டுக் காட்டச் சொன்னார். சட்டைப் பையில் இருந்த மஞ்சள் நுரையை எடுத்து இரண்டு விரலால் உள்ளே அமுக்கினேன். மிஸி கண்ணாடியை எடுத்து முன்னால் பிடித்தார். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "நேரா பார்த்தா இது வெளியில தெரியக் கூடாது அங்கிள்" என்றவர், தானே செய்து காட்டினார். கையைக் கழுவி, நுரையை மடிப்பு விழாமல் மெல்லிசாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதின் மேல் நுனியைப் பிடித்து மேலும் பின்னும் இழுத்தால் துவாரம் நேராகும். உடனே உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் முப்பது எண்ணிக்கை பிடிக்க வேண்டும். நான் ஐந்து தடவை செய்தேன். ஐந்தாவது தடவை ஏர்கான் சத்தம் அடங்கிவிட்டது. இவ்வளவு வருஷத்தில் காதடைப்பான் பெட்டி பெட்டியாக வந்திருக்கிறது. போடும் முறையை யாரும் இப்படி உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை.

மற்றவர்களுக்கும் அங்கே பொறுப்பாகத்தான் பார்க்கிறார்கள். பாகங்களைச் சால்வெண்டில் (கரைப்பான் கெமிக்கலில்) கழுவும் செக்சனில் இருக்கும் தம்பி ஒருவன் காலையிலேயே சிறுநீர் கொடுக்க வந்து நின்றான். அவனையும் திருப்பி அனுப்பினார்கள், ஆனால் எனக்குச் சொன்னதற்கு நேர் எதிராக: வாரக் கடைசி நாள் ஷிப்ட் முடிந்த உடனே வா என்று. அவன் கையாளும் சால்வெண்டை அந்த நேரத்துச் சிறுநீரில்தான் பிடிக்க முடியுமாம். ஓய்வெடுத்துவிட்டு வந்தால் அது உடம்பைவிட்டு இறங்கியிருக்கும், தாள் சுத்தமாக வரும். காதுக்கு ஓய்வு, கெமிக்கலுக்குக் களைப்பு. இந்த வித்தியாசம் தெரிந்த இடத்துக்குத்தான் நம்மை அனுப்புகிறார்களா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் அக்கா மகனையும் பிறகு அங்கேயே கூட்டிப்போனேன். பாயான் லெப்பாஸ் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குச் சேருவதற்கு முந்திய மெடிக்கல். காதுச் சோதனையோடு 110 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். இது நம் கைக்காசு. புள்ளிப் புள்ளியாக இருக்கும் புத்தகத்தில் முதல் பக்கம் 12 என்று படித்தான், அது எல்லோருக்கும் தெரியும் பக்கமாம். அதற்கப்புறம் தடுமாறினான். சிவப்பு பச்சை குழம்புகிறது. பையன் முகம் செத்துப்போயிற்று. டாக்டர் அவனை உட்காரவைத்து, இது நோய் இல்லை, பிறவியில் வருவது, வயரின் நிறம் பார்த்து இணைக்கிற வேலைக்குத்தான் தடை, வேறு செக்சனுக்குத் தகுதி என்று எழுதுகிறேன் என்றார். அப்படியே எழுதினார். இப்போது வேர்ஹவுஸில் இருக்கிறான். ஒரே வார்த்தையில் 'அன்பிட்' என்று முத்திரை குத்தியிருந்தால் அவன் நிலைமை என்ன?

ரகசியம் காப்பதையும் சொல்ல வேண்டும். முன்பு போன ஒரு இடத்தில் எல்லார் தாளையும் கட்டாகக் கட்டி ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் கேன்டீனில் வைத்து ஒரு கிளார்க், "அண்ணே, உங்களுக்கு இனிப்பு நீர் இருக்காமே" என்று என் கூட்டாளியிடம் சத்தமாகக் கேட்டார். அவர் அன்று சாப்பிடாமலே எழுந்துபோனார். இங்கே கம்பெனிக்குப் போனது இந்த வேலைக்குத் தகுதியா, என்ன கட்டுப்பாடு, காதில் என்ன மாற்றம் என்கிற தாள்தான். சீனி, பிரஷர் பற்றியதெல்லாம் என் கையில் மட்டும், ஒட்டிய கவரில்.

குறையும் இருக்கிறது. சோதனைப் பெட்டி ஒன்றுதான். இரண்டு கம்பெனி ஒரே நாளில் ஆள் அனுப்பினால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாடிக்கு லிப்ட் இல்லை, முட்டி வலிக்காரர்கள் சிரமப்படுகிறார்கள். எக்ஸ்ரே அங்கே கிடையாது, வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். கேள்வித் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழில் ஒரு தாள் அடித்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் போன அன்று கேன்டீன் அக்கா ஒருவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார். மிஸி தமிழ்ப் பிள்ளையாக இருந்ததால் சரியாயிற்று. அவர் லீவு போட்டால்? இதை டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்தேன், குறித்துக்கொண்டார்.

எங்கள் லைனில் இருக்கும் நேப்பாளத் தம்பிகள் தங்களுக்கு ஃபோமெமா பாஸ் ஆகிவிட்டதால் இது வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபோமெமா வேறு, அது வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மெடிக்கல். நாட்டுக்கு வந்த 30 நாளுக்குள் காசநோய், ஹெச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி இப்படிப்பட்டவற்றுக்காகப் பார்ப்பது. பிரஸ் சத்தம் அவர்கள் காதை என்ன செய்கிறது என்று அது சொல்லாது. 22 வயதுப் பையன் ஒருவன் என் பக்கத்து மெஷினில் நிற்கிறான். அவனுடைய முதல் காதுச் சோதனை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கிற நாளுக்கு முந்தின நாள் அவனுக்கு ஷிப்ட் போடக் கூடாது என்று பாதுகாப்புக் கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மறுசோதனை அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. 2011 வேன் தாளிலிருந்து இப்போதைய தாள்வரை எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி, வீட்டில் பிள்ளைகளின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) இருக்கும் அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.